ஞாயிற்றுக்கிழமை எடை

ஜூன் 2, ஞாயிறு

விடுமுறை. செய்தே ஆக வேண்டிய வேலை என்று ஒன்றும் இல்லை. ஆனாலும் காலையிலிருந்து உட்காரவில்லை. நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்கள். எங்கள் வீட்டு நாய்களைப் பார்த்தவர் யாரும் அந்தப் பழமொழியைச் சொல்லியிருக்க மாட்டார். ஜட்ஜ் வாசல் மிதியடியில் படுத்தபடியே தெருவை விசாரித்துக்கொண்டிருந்தான். பதின்மூன்று வயது, ஒரு கண்ணில் புரை. மேடம் சோபாவில். அவளுக்கு இடது காது கேட்காது, வலது காது வேண்டும்போது மட்டும் கேட்கும். இங்கும் அங்கும் ஓடியதெல்லாம் நான்தான்.

துணி மடித்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பது வருஷம் தையல் கடை வைத்திருந்தவர். நான் துணி மடிக்கும் அழகு அவருக்கு என்றைக்குமே பிடித்ததில்லை.

"கொஞ்சம் உக்காரேன். வீடு எங்கயும் ஓடிடாது" என்றார்.

விருந்தாளிக்கு அந்தப் பெயர் வைத்ததும் அவர்தான். போன மாதம் மழைக்கு ஒதுங்கிய தெருநாய். ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொல்வார்கள். இது மூன்றாம் நாள் துணி துவைக்கும் அறையில் ஐந்து குட்டி போட்டது. இன்றோடு குட்டிகளுக்கு இரண்டு வாரம்.

கறுப்பு இரண்டு, வெள்ளை ஒன்று, பழுப்பு இரண்டு. அடையாளத்துக்குக் கடையில் மிஞ்சிய நாடாவை வெட்டிக் கழுத்தில் கட்டியிருக்கிறார். கறுப்புகளுக்குச் சிவப்பும் நீலமும், வெள்ளைக்கு ஊதா, பழுப்புகளுக்குப் பச்சையும் மஞ்சளும். பழுப்பு இரண்டும் அச்சில் வார்த்த மாதிரி. மஞ்சளுக்குப் பின்னங்கால் விரல் ஒன்று வெள்ளை, அவ்வளவுதான் வித்தியாசம். அதைக் கண்டுபிடித்ததும் அவர்தான்.

புதனும் ஞாயிறும் எடை போடுகிறேன். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை வைப்பது என் உத்தியோகம், இருபத்திரண்டு வருஷமாக. வீட்டுச் சமையலறைத் தராசையும் சும்மா விடுவேனா? முதலில் எடைக்கல்லை வைத்துத் தராசைச் சோதிப்பேன், பிறகுதான் குட்டி. இன்று நான்கு குட்டிகள் எழுநூறு கிராமைத் தாண்டிவிட்டன. மஞ்சள் மட்டும் 590. மற்றவை முட்டித் தள்ளிவிடுகின்றன, தாயிடம் அதற்கு இடம் கிடைப்பதில்லை. அதனால் பாட்டில் பால். பகலில் அவர் பொறுப்பு. அலாரம் அடித்தால் பால், பால் கொடுத்ததும் தாளில் ஒரு கோடு. ஒரு நாளைக்கு ஐந்து கோடு.

சாயங்காலம் நாத்தனார் போன் செய்தார். அவருடைய அக்கா. "தம்பிய இங்க அனுப்பிடேன்மா. நீ வேலைக்குப் போயிடற, அவன தனியா எப்படி விடறது? நீயும் மனுஷிதானே" என்றார். இந்த மாதத்துக்குள் சொல்ல வேண்டும்.

அனுப்பினால் நிம்மதியாக இருப்பேனா? இருப்பேன் என்று உள்ளே ஒரு குரல் சட்டென்று சொல்லிவிட்டது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 4, செவ்வாய்

அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் பாத்திரம் வைக்க மறந்திருக்கிறார். நான் உள்ளே நுழையும்போது வெறும் தீ எரிந்துகொண்டிருந்தது. "யாரு பத்த வெச்சா?" என்று என்னையே கேட்கிறார்.

கடை மூடி ஒரு வருஷம். ஒரே சட்டைக்கு இரண்டு இடக்கை வைத்துத் தைத்த அன்று, அவரே சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "நான் வெட்டக் கூடாது இனிமே" என்றார். அன்று நான் அழுதேன், அவர் அழவில்லை.

ஆனால் பால் தாளில் ஐந்து கோடும் இருக்கிறது. அடுப்பை மறக்கிற மனுஷனுக்கு நாய்க்குட்டி மட்டும் எப்படி ஞாபகம் இருக்கிறது?

ஜூன் 5, புதன்

மஞ்சள் 660. மற்றவை எண்ணூறு பக்கம். ஏறுகிறது, ஆனால் நொண்டிக்கொண்டு ஏறுகிறது.

ஜூன் 8, சனி

தாளில் ஏழு கோடு. கொடுத்ததை மறந்து மறுபடி கொடுத்திருக்கிறார். கேட்டால், "பசிச்சுது, கொடுத்தேன்" என்கிறார். யாருக்குப் பசித்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? வயிறு கெட்டால் இந்தச் சின்ன உயிர் தாங்காது என்று கத்தினேன். கத்தியிருக்க வேண்டாம்.

ஜூன் 9, ஞாயிறு

இன்று ஒரு நல்ல சேதி.

காலையில் நாடாக்களில் புளித்த பால் வாடை. ஐந்தையும் அவிழ்த்து, துவைத்து, கொடியில் போட்டேன். அவர் பின்பக்கம் ஜட்ஜைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். ஜட்ஜுக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. அவருக்குப் பாதிக் குளியல் ஆகிவிட்டது. நான் தராசை எடுத்து வைத்துக் குட்டிகளை எடை போட ஆரம்பித்தேன். நடுவில் நாத்தனார் போன். "என்ன முடிவு பண்ணின?" என்று. எனக்கு எரிச்சல். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே எடை போட்டு முடித்தேன். எடை போட்டவை கூடையிலிருந்து ஏறிக் குதித்து விளையாட்டு.

முடித்துவிட்டு நோட்டைப் பார்த்தால், மஞ்சள் 905! பச்சையும் 905. நாலே நாளில் எட்டிப் பிடித்துவிட்டது. பாட்டில் பாலின் மகிமை. எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. இந்த வீட்டில் ஏதோ ஒன்றாவது தேறி வருகிறதே.

நாடா காய்ந்ததும் அவர்தான் கட்டினார். எதற்கு எது என்று எப்படித் தெரியும் என்றேன். "விரல் இருக்குல்ல" என்றார். பிறகு மஞ்சளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"இது ஏறலம்மா. கையில வெச்சா தெரியுது. எலும்பு தட்டுப்படுது."

நோட்டைக் காட்டினேன். பார்த்தார். மறுபடி குட்டியைப் பார்த்தார்.

"நோட்டுல இருக்கு. கையில இல்லையே" என்றார்.

கை ஒன்று சொல்லி, தராசு வேறொன்று சொன்னால் எதை நம்புவது? கடைக்காரர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள். "முப்பது வருஷக் கைம்மா இது, தப்பாது" என்பார்கள். எல்லாக் கையும் தப்பும். இதற்கு நான் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்.

இனி பாட்டில் வேண்டாம், தாய்ப்பால் போதும் என்று சொல்லிவிட்டேன். அவர் மறந்துபோய்க் கொடுத்துவிடக் கூடாது என்று பாட்டிலையும் பால்பொடியையும் மேல் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ஜூன் 10, திங்கள்

நான் கிளம்புவதற்குள் மூன்று தடவை பாட்டிலைக் கேட்டுவிட்டார். மூன்று தடவையும் ஒரே மாதிரி, முதல் தடவை கேட்பவர் போல.

ஜூன் 11, செவ்வாய்

மதியம் வேலை நேரத்தில் போன் செய்கிறார். "அந்தச் சாவி எங்கம்மா இருக்கு?" வெளிச்சுற்றில் இருந்தேன், நாலு கடைக்காரர்கள் முன்னால். பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

ஜூன் 12, புதன்

மஞ்சள் போய்விட்டது.

ஐந்தரைக்கு வந்தேன். துவைக்கும் அறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான் திறந்திருந்தது, உள்ளே நெஞ்சோடு குட்டி. தொட்டேன். சில்லென்று — வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் பின்னால் உட்கார்ந்து அதை அப்படியே பிடித்திருந்தார். டாக்டர் மேசையில் வைத்தபோது ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தது.

"பட்டினிம்மா. பால் போயிருந்தா பிழைச்சிருக்கும்" என்றார் டாக்டர்.

இருக்கவே முடியாது, ஞாயிற்றுக்கிழமை தொள்ளாயிரத்தைந்து, எழுதி வைத்திருக்கிறேன் என்றேன். டாக்டர் குட்டியைத் தன் தராசில் வைத்தார். 640. உங்கள் தராசு தப்பு என்றேன். சொன்ன பிறகுதான் பார்த்தேன், தராசின் பக்கவாட்டில் எங்கள் அலுவலக முத்திரை. போன மாதத் தேதி. என் கையெழுத்து.

வீட்டுக்கு வந்து கத்தினேன். என்னென்னவோ கத்தினேன். நாடாவ மாத்திக் கட்டிட்டீங்க, எது எதுன்னு தெரியாம நான் பாட்டில நிறுத்திட்டேன், உங்களால ஒரு உயிர் போச்சு. உங்களாலதான். உங்களாலதான்.

அவர் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "அப்படியா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இருக்கும்" என்றார்.

ஜூன் 13, வியாழன்

பின்பக்கம் அவரே குழி வெட்டினார். ஓரம் நேராக, மூலை மூலையாக, துணிக்கு வெட்டுவது போல. விருந்தாளி வந்து முகர்ந்தாள். திரும்பிப் போய் மற்ற நான்குக்கும் பால் கொடுத்தாள். ஜட்ஜ் மட்டும் குழி பக்கத்திலேயே இருந்தான்.

மதியம் அவரே நாத்தனாருக்குப் போன் செய்தார். லீவு போட்டிருந்தேன். சமையலறையில் இருந்தேன், கேட்டது.

"நான் வந்துடறேங்கா. இங்க இருந்தா என்னால ஏதாவது ஆயிடும். இன்னிக்கு நாய்க்குட்டி, நாளைக்கு இவளுக்கு ஏதாவது ஆனா?"

ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜூன் 14, வெள்ளி

தன் சட்டைகளை மடித்துப் பையில் வைக்கிறார். ஒரு சுருக்கம் இல்லை. எத்தனை தடவை உட்கார்ந்தேன், எத்தனை தடவை எழுந்தேன் என்று எனக்கே கணக்கில்லை.

ஜூன் 15, சனி

எடை நோட்டை எடுத்தேன். எதற்கு எடுத்தேன்? நான் சொன்னது சரி என்று எனக்கே காட்டிக்கொள்ள.

ஞாயிறு, ஜூன் 9. சிவப்பு 920. நீலம் 945. ஊதா 930. பச்சை 905. மஞ்சள் 905.

ஐந்து எண். ஐந்தும் தொள்ளாயிரத்துக்கு மேல். அன்றைக்கு ஒரு குட்டி எழுநூறு கூடத் தாண்டியிருக்காது. அந்த எழுநூறு எங்கே? நாடா மாறினால் எடை இடம்தான் மாறும், காணாமல் போகாது. அதுவும் நான் எடை போடும்போது எந்தக் கழுத்திலும் நாடாவே இல்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் கட்டியதே பிற்பாடுதான். விரலைப் பார்த்துக் கட்டினார். சரியாகத்தான் கட்டியிருக்கிறார்.

பச்சையை இரண்டு தடவை வைத்திருக்கிறேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கூடையிலிருந்து குதித்து வந்ததையே மறுபடி தூக்கித் தராசில் வைத்து, மஞ்சள் என்று எழுதியிருக்கிறேன். மஞ்சள் அன்று தராசிலேயே ஏறவில்லை. நாலு நாளில் இருநூற்று நாற்பத்தைந்து கிராம்! ஒரு கடையில் இப்படி ஒரு எண்ணைப் பார்த்திருந்தால், "மறுபடி வைங்க" என்று சொல்லியிருப்பேன். கிராம் கணக்கில் கடைக்காரர்களைக் கூண்டில் ஏற்றுகிறவள் நான்.

அவர் சொன்னார். கையில் இல்லையே என்று சொன்னார். சாவி எங்கே என்று கேட்டார். ஏழு கோடு போட்டாரே, அதுகூட மறதியில் போட்டது இல்லையோ என்னவோ. பசித்தது, கொடுத்தார்.

இது யாருக்குத் தெரியும்? எனக்கும் இந்த நோட்டுக்கும். நாளைக்கு அவர் போய்விடுவார். சொல்லாவிட்டால் சொல்லாததுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்து எவ்வளவு சிரித்திருக்கிறேன்.

ஜூன் 16, ஞாயிறு

நாத்தனார் பத்து மணிக்கே வந்துவிட்டார். மேடம் சோபாவை விட்டு நகராததால் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நாய் முடி என்று புடவையைத் தட்டிக்கொண்டே இருந்தார். வீட்டுக்காரர் குளித்து, தலை வாரி, பையைக் காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

காபி போட்டேன். பாத்திரம் கழுவினேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். பதினொன்று. பதினொன்றரை. நாத்தனார் எழுந்து, "சரி, கிளம்பலாமா தம்பி?" என்றார். அவரும் எழுந்தார். என்னைப் பார்த்து, "அடுப்பப் பாத்துக்கோ" என்றார். என்னைப் பார்த்து!

அங்கேயே சொல்லிவிட்டேன். நின்றபடி. நோட்டை விரித்து வைத்து, விரலால் தொட்டுக் காட்டி. "நீங்க நாடாவ மாத்தல. நான்தான் பச்சைய ரெண்டு தடவ எடை போட்டேன். மஞ்சள நான்தான் பட்டினி போட்டுட்டேன். தெரிஞ்சும் நேத்திலேர்ந்து சொல்லாம இருந்தேன்."

அவர் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பாட்டில் கேட்டேன்ல?" என்றார்.

"கேட்டீங்க."

"எத்தன தடவ கேட்டேன்?"

"நிறைய தடவ."

அவர் இப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கத்தவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய் உள்ளறையில் வைத்தார். "நான் வரலக்கா" என்றார். பிறகு பின்பக்கம் போய், ஜட்ஜுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை. இன்று முழுக்க என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

நாத்தனார் போகும்போது வாசலில் என் கையைப் பிடித்தார். "இதப் போய் ஏன்மா சொன்ன? இன்னும் ரெண்டு நாள்ல அவனே மறந்திருப்பான்."

ஜூன் 17, திங்கள்

மறந்துவிட்டார். ஆனால் எதை?

காலையில் சமையலறை வாசலில் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. "அம்மாடி, அந்த மஞ்சள்... நான்தான் நாடாவ மாத்திக் கட்டிட்டேன்ல? என்னாலதான போச்சு?"

நான் சொன்னது போய்விட்டது. நான் கத்தியது மட்டும் நிற்கிறது. பாவி, அதை எத்தனை அழுத்தமாகக் கத்தியிருக்கிறேன்.

அடுப்பை அணைத்துவிட்டு, நோட்டை எடுத்துவந்து, முதலிலிருந்து சொன்னேன். இன்று கோபப்படவில்லை. என் தலையில் கை வைத்து, "போனா போகுது, நீ அழாத" என்றார். அது நேற்றைய கோபத்தை விட மோசமாக இருந்தது.

ஜூன் 18, செவ்வாய்

மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். "தராசு ஆபீசரே தப்பா எடை போட்டாங்களா!" என்று சிரித்தார், விழுந்து விழுந்து. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன்.

ஜூன் 20, வியாழன்

இன்று கேட்கவில்லை. கேட்காத நாளில் நானாகப் போய்ச் சொல்வது சரியா? இல்லாத புண்ணைக் கிளறுவதாகாதா? அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததும் அசிங்கமாக இருந்தது.

சாயங்காலம் பார்த்தால் துவைக்கும் அறையில் குந்தி உட்கார்ந்து விரல் விட்டு எண்ணுகிறார். "நாலுதான் இருக்கு. ஒண்ண நான் எங்கயோ தொலைச்சுட்டேன்."

சொன்னேன்.

ஜூன் 23, ஞாயிறு

நாத்தனார் வந்திருந்தார். இனி வாரம் இரண்டு நாள் அவர் இங்கே வருவார். மற்ற நாட்களில் மதியத்தோடு விட்டுவிடுங்கள், வெளிச்சுற்று வேண்டாம் என்று நான் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். "நாய் முடில புரண்டு சாகணும்னு என் தலைல எழுதியிருக்கு" என்று திட்டிக்கொண்டே வெள்ளைக்குட்டியை மடியில் வைத்திருந்தார்.

தினம் தினம் சொல்வானேன், பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடேன் என்றார். நல்ல யோசனைதான். ஒட்டிவிட்டால் நான் வாயைத் திறக்கவே வேண்டாம். அதனால்தான் ஒட்டவில்லை.

ஜூன் 26, புதன்

அலுவலகத்துக்குத் தராசு கொண்டுவந்த ஒரு வயதான கடைக்காரர், "கையில தூக்கினாலே தெரியும்மா" என்றார். வழக்கமான பதில் வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. தராசில் மூன்று தடவை வைத்துப் பார்த்தேன். அவருடைய கை தப்புதான், நாற்பது கிராம். இருந்தாலும் மூன்று தடவை வைத்தேன்.

ஜூன் 30, ஞாயிறு

குட்டிகளுக்கு ஆறு வாரம். வீடு வீடாக இல்லை. ஒன்று என் செருப்பின் வாரைக் கடித்து முடித்துவிட்டது, ஒன்று மேடத்தின் வாலைப் பிடித்துத் தொங்குகிறது. மேடம் எனக்கென்ன என்று இருக்கிறாள். எடை போட உட்கார்ந்தோம். இப்போதெல்லாம் முதலில் அவர் கையில் எடுத்து, "கனம்தான்" அல்லது "இது நேத்து சரியாத் தின்னல" என்று சொன்ன பிறகுதான் தராசு. நான்கும் நன்றாக ஏறியிருக்கின்றன.

கடைசிக் குட்டியை இறக்கிவிட்டு, "இன்னொண்ணு எங்க?" என்றார். நாடாவுக்காகக் கை கழுத்தைத் தேடுவது போல அந்தரத்தில் நின்றது. முகம் மாற ஆரம்பித்தது. அந்த முகத்தை இப்போது எனக்கு நன்றாகத் தெரியும்.

நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பி, ஜூன் ஒன்பதை எடுத்து, சொன்னேன். கொடியில் நாடா, தோளில் போன், 905, 905, மேல் அலமாரி, சாவி. ஒன்றையும் விடாமல் சொல்லப் பழகிவிட்டேன். ஆனால் சுலபமாகவில்லை.

கேட்டு முடித்து, நோட்டை வாங்கி அந்த இரண்டு எண்களையும் விரலால் தடவினார். பிறகு என்னை உற்றுப் பார்த்தார்.

"இத நீ எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கியா?"

"சொல்லியிருக்கேன்."

"எத்தன தடவ?"

"பதினோரு தடவ."

"நான் என்ன சொன்னேன்?"

"ஒரு நாள் பேசவே இல்ல. ஒரு நாள் அழாதன்னு சொன்னீங்க. ஒரு நாள் சிரிச்சீங்க."

குட்டி ஒன்று அவர் மடியில் ஏறப் பார்த்து வழுக்கி விழுந்தது. தூக்கி வைத்துக்கொண்டார்.

"இன்னிக்குக் கோவமாத்தான் இருக்கு" என்றார். "நாளைக்கு வந்து சொல்லிப் பாரு."

சரி என்றேன்.